ஏரிக்கரையில் ஓர் ஓடுபாதை

ஒரு நகரினுள் மனிதன் எவ்வழியாகப் புகுகின்றானோ அவ்வழிக்கேற்பவே அந்நகர் அவனுக்குத் தன் முகத்தைக் காட்டுகின்றது. புகையிரதத்தில் வருபவன் முதலிற் காண்பது வீடுகளின் பின்புறங்களையும், பண்டசாலைகளையும், கொடிகளில் உலரும் துணிகளையுமே. பேருந்தில் வருபவன் கடைத்தெருவைக் காண்கின்றான். பெரிய விமான நிலையமொன்றில் இறங்குபவனோ நகரையே காண்பதில்லை. நீண்ட வரிசைகளையும், சோதனைக் கூடங்களையும், எல்லா நாடுகளிலும் ஒன்றுபோலவே தோன்றும் கண்ணாடிச் சுவர்களையும் கடந்து வெளியே வந்த பின்னரும், நகரம் இன்னும் எங்கோ தொலைவில் இருப்பதாகவே உணர்கின்றான். வாடகைக்கு அமர்த்தப்பட்ட தனி விமானமொன்றில் வந்து, நகரின் வாசற்படியிலேயே இறங்கும் பேறு மிகச் சிலருக்கே வாய்ப்பது. அப்பேறு தற்செயலாக வாய்க்கப்பெற்ற ஒருவரது அனுபவமும், அவ்வனுபவம் பின்னர் அவரிடத்து எழுப்பிய வினாவுமே இக்கட்டுரையின் பொருளாகும்.

அவர் பிறந்தது யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிராமமொன்றில். பொறியியல் பயின்றது பேராதனையில். 1983 இன் பின்னர் நாட்டை விட்டு வெளியேறிய பல்லாயிரவருள் ஒருவராகி, ஈற்றில் ஐக்கிய அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியிலுள்ள சிறு நகரொன்றில், நீர்ப்பம்பிகள் செய்யும் தொழிற்சாலையில் அமர்ந்தார். அத்தொழிற்சாலையின் உரிமையாளர் வயது முதிர்ந்தவர். கமக்காரக் குடும்பத்திலே பிறந்தவர். வீண் செலவை வெறுப்பவர். ஆயினும் 2002 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், ஒப்பந்தமொன்றின் பொருட்டு நால்வர் காலை ஒன்பது மணிக்குச் சிக்காகோவில் இருக்கவேண்டிய நிலை ஏற்பட்டது. வீதி வழியாயின் ஆறு மணித்தியாலங்கள் செல்லும்; பயணிகள் விமானமாயின் வேறொரு நகருக்குப் போய்த் திரும்பி வரவேண்டும்; இரவு தங்குவதற்கு விடுதிச் செலவும் உண்டு. கணக்குப் பார்த்த முதியவர், இரட்டை இயந்திரங் கொண்ட சிறு விமானமொன்றை அன்றைய பொழுதுக்கு வாடகைக்கு அமர்த்துவதே சிக்கனம் எனக் கண்டார்.

விடியற்காலையில் அவர்கள் சென்ற விமானத்தளத்தில் வரிசை எதுவும் இருக்கவில்லை. விமானியே வந்து கைகுலுக்கிப் பைகளை வாங்கிக் கொண்டார். நால்வரும் கோப்பி அருந்தி முடிக்கும்வரை விமானம் காத்திருந்தது. விமானத்துக்காகப் பயணி காத்திருப்பதன்றிப் பயணிக்காக விமானம் காத்திருப்பது என்பது பொறியியலாளருக்கு ஒருவகைக் கூச்சத்தை உண்டாக்கிற்று. ஏனெனில் வரிசைகளோடு அவருக்கிருந்த உறவு நெடியது. எழுபதுகளின் நடுப்பகுதியில், சங்கக்கடை வாசலில் ஓர் இறாத்தல் பாணுக்காக விடியுமுன்னே சென்று நின்றவர் அவர். பின்னர் கடவுச்சீட்டுக்கும், விசாவுக்கும், புகலிடத்துக்கும் நின்ற வரிசைகள் பல. வரிசையில் நிற்றல் என்பது ஏழைநாட்டு மனிதனின் இரண்டாவது தொழில் என அவர் நண்பரிடத்துக் கூறுவதுண்டு. அத்தொழிலிலிருந்து ஒருநாள் விடுமுறை கிடைத்ததுபோல் அன்று அவருக்குத் தோன்றிற்று. அவ்விடுமுறை தமக்குரியதன்று என்ற எண்ணமும் உடன் தோன்றிற்று.

சிக்காகோ என்னும் பெயர் அவருக்குப் புதியதன்று. தமிழ் வாசகர் எவருக்குமே அது புதியதாக இருக்கமுடியாது. இரு வழிகளால் அப்பெயர் ஈழத்துத் தமிழர் செவிகளில் விழுந்துள்ளது. ஒன்று, 1886 ஆம் ஆண்டு மே மாதம் 4 ஆந் திகதி ஹேமார்க்கட் சதுக்கத்தில் நிகழ்ந்தது. எட்டு மணித்தியால வேலைநாள் கோரி எழுந்த தொழிலாளர் கிளர்ச்சியின் நடுவே அங்கு குண்டொன்று வெடிக்க, தொழிலாளர் தலைவர் நால்வர் அடுத்த ஆண்டு தூக்கிலிடப்பட்டனர். பேராதனையில் மேதின ஊர்வலங்களிற் சென்ற காலத்தில் அவர் அப்பெயரைக் கோஷங்களிடையே கேட்டிருந்தார். மற்றொன்று, 1893 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 11 ஆந் திகதி தொடங்கிய சர்வமதப் பேரவை. அங்கு பேசிப் புகழ்பெற்ற விவேகானந்தர், 1897 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் தாயகம் திரும்பும் வழியிற் கொழும்பில் இறங்கி, யாழ்ப்பாணத்துக்கும் வந்தார். அவ்வரவேற்பு ஊர்வலத்தைத் தகப்பனின் தோளிலிருந்து கண்ட ஏழு வயதுச் சிறுவனே பொறியியலாளரின் பாட்டனார். முதுமையில் அவர் எல்லாவற்றையும் மறந்தபோதும் அதை மறக்கவில்லை. “சிக்காகோவிலே பேசினவர்” என்பதே அவர் அத்துறவிக்கு வழங்கிய பெயர்.

பேரவைக்கென வந்த விவேகானந்தர் சிக்காகோ புகையிரத நிலையத்தில் இறங்கியபோது, செல்லவேண்டிய முகவரியைத் தொலைத்துவிட்டு, அவ்விரவைப் பண்டங்கள் ஏற்றும் வெறுமையான பெட்டியொன்றிற் கழித்தார் என அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். அந்நகரினுள் அவர் புகுந்த வழி அது. வானத்திலே மெத்தையிட்ட ஆசனத்தில் அமர்ந்திருந்த பொறியியலாளருக்கு இச்செய்தி நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை.

முகிலைக் கடந்து விமானம் தாழ்ந்தபோது கீழே தோன்றியது கடல் என்றே அவர் எண்ணினார். அது மிச்சிகன் ஏரி. ஏறத்தாழ 58,000 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. இலங்கைத் தீவை அதனுள் இறக்கிவைத்தாற் சிறிதளவே வெளியே நிற்கும். அவ்வேரியின் மேலாகத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி விமானம் இறங்க, இடப்புறத்தே கதிரவனின் முதலொளி பட்டு நகரம் எழுந்து நின்றது. கரையோரத்திற் பசும்புற்றரை, அதன் பின்னே ஒரே வரிசையாகச் சுவர்போல் நின்ற மாளிகைகள், அவற்றுக்கும் பின்னே கறுத்துயர்ந்த சியேர்ஸ் கோபுரம். 2009 இல் அதற்கு வில்லிஸ் கோபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது. 110 மாடிகளும் 442 மீற்றர் உயரமுங் கொண்ட அக்கட்டடம் 1974 இல் நிறைவுற்று, இருபது ஆண்டுகளுக்கு மேலாக உலகின் மிக உயர்ந்த கட்டடமாக விளங்கியது. உயரம் வேறுபட்ட ஒன்பது சதுரக் குழாய்களை ஒன்றாகப் பிணைத்தாற்போன்ற அதன் அமைப்பை வகுத்தவர், டாக்காவிற் கல்வி பயின்று சிக்காகோவில் தொழில் புரிந்த பஸ்லூர் ரஹ்மான் கான். காற்று மோதும்போது கட்டடத்தின் புறச்சுவரே குழாய்போல் நின்று விசையைத் தாங்கவேண்டும் என்ற அவரது கருத்தைப் பேராதனையில் விரிவுரையாளரொருவர் கரும்பலகையில் வரைந்து விளக்கியதைப் பொறியியலாளர் நினைவுகூர்ந்தார். வங்கத்து மண்ணில் வளர்ந்த ஒருவரின் சிந்தனை அந்நகரின் முதுகெலும்பாய் நிற்பதைக் கண்டபோது, அதுவரை இருந்த கூச்சம் சற்றே விலகியது.

விமானம் இறங்கிய இடத்தின் பெயர் மெய்க்ஸ் தளம். நகரின் நடுப்பகுதிக்கு நேர் எதிரே, ஏரியினுள் நீண்டுகிடந்த செயற்கைத் தீபகற்பத்தின் மீது அமைந்தது. ஓடுபாதை ஒன்றே, அதன் நீளம் ஏறத்தாழ 3,900 அடி, அதாவது 1,190 மீற்றர். இரு புறமும் நீர். பெரிய விமானங்கள் அங்கு வழமையாக இறங்கமுடியாது. இறங்கியவை, அரச அலுவலர்களும் வணிகரும் வரும் சிறு விமானங்களும், நோயாளரையும் மாற்றுச் சிகிச்சைக்குரிய உறுப்புக்களையும் கொணரும் விமானங்களும், பொழுதுபோக்காகப் பறப்போரின் விமானங்களுமே. 1980களிலிருந்து மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் விமானப் பறப்பு விளையாட்டில் பயணம் தொடங்கும் இடமாக இவ்வோடுபாதையே வைக்கப்பட்டிருந்தமையால், விமானத்தில் ஒருபோதும் ஏறாத இலட்சக்கணக்கானோரும் தத்தம் கணினித் திரைகளில் இதனை அறிந்திருந்தனர்.

படியிறங்கிய நால்வரும் சில நிமிட நடையில் வீதிக்கு வந்துவிட்டனர். அவ்வேளையிலேதான் பொறியியலாளர் வேலியைக் கண்டார். வேலிக்கு அப்பால் முதிய கறுப்பினத்தவர் ஒருவரும், அவரது கையைப் பற்றியவாறு சிறுவன் ஒருவனும் நின்றனர். தூண்டிலும் வாளியும் அருகே கிடந்தன. சிறுவன் விமானத்தை நோக்கிக் கையசைத்தான். பொறியியலாளரும் கையசைத்தார். அசைத்த கை கீழே இறங்குமுன்னரே, பலாலி விமானத்தளத்தின் முட்கம்பி வேலிக்கு வெளியே நின்று எயார் சிலோன் விமானத்தை நோக்கிக் கையசைத்த சிறுவன் ஒருவன் அவர் நெஞ்சில் வந்து நின்றான். அக்காலத்தில் அவ்விமானத்திலிருந்து எவரேனும் தமக்குக் கையசைத்தனரா என்பது அவருக்கு நினைவில்லை. வேலியின் மறுபக்கத்துக்குத் தாம் எப்போது வந்துசேர்ந்தோம் என்ற கேள்வி மட்டும் அன்று முழுவதும் அவரைத் தொடர்ந்தது. ஒப்பந்தம் நிறைவேறியது. மாலையில் அவ்வழியே திரும்பியபோது வேலியருகே எவரும் இருக்கவில்லை.

வேலியின் வரலாற்றை அவர் பின்னர் தேடிப் படித்தார். சிக்காகோவின் ஏரிக்கரை எவருக்கு உரியது என்பது அந்நகரின் மிகப் பழைய வழக்குகளுள் ஒன்று. 1836 இல் வரையப்பட்ட நகர வரைபடத்திலேயே, கரையோர நிலம் கட்டடங்களின்றி என்றென்றும் பொதுநிலமாக இருத்தல்வேண்டும் எனக் குறிக்கப்பட்டிருந்தது. நகரம் செல்வம் பெற்றபோது அக்குறிப்பைப் பலரும் மறந்தனர். மறவாத ஒருவர் மொன்ற்கோமரி வார்ட் என்னும் வணிகர். கரையோரத்திற் கட்டடங்கள் எழுவதை எதிர்த்து 1890 முதல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அவர் வழக்காடி வென்றார். அவ்வழக்குகளின் பயனாகவே கிராண்ட் பூங்கா இன்றும் திறந்தவெளியாக உள்ளது. 1909 இல் டானியல் பேர்னம், எட்வர்ட் பெனற் ஆகிய இருவரும் வெளியிட்ட நகரத் திட்டமும், ஏரிக்கரை மக்களுடையது என்னுங் கொள்கையின் மீதே எழுப்பப்பட்டது. கரைக்கு அப்பால் ஏரியினுள் தீவுகளின் தொடரொன்றையும் பூங்காக்களாக அமைக்க அத்திட்டம் கருதியது. அவற்றுள் உண்மையில் உருவானது ஒன்றே. அதுவே நோதேர்லித் தீவு. 1930 இல் அதன் வடமுனையில் அமெரிக்காவின் முதலாவது கோள்மண்டலமான அட்லர் கோள்மண்டலம் திறக்கப்பட்டது. 1933, 1934 ஆம் ஆண்டுகளில் உலகப் பொருட்காட்சி அங்கும் அண்டிய கரையிலும் நிகழ்ந்தது. அதன்பின், 1948 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 10 ஆந் திகதி, பூங்காவுக்கென உருவாக்கிய அந்நிலத்தில் விமானத்தளம் திறக்கப்பட்டது. மறு ஆண்டில், விமானப் போக்குவரத்துக்காகப் பாடுபட்ட பத்திரிகை வெளியீட்டாளர் மெரில் மெய்க்ஸின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. மக்களுக்கென நினைத்த நிலம் இவ்வாறு வேலிக்குள் வந்தது.

பூங்காத் திணைக்களத்திடமிருந்து பெற்ற குத்தகை 1996 இல் முடிவெய்தியபோது, நகரபிதா றிச்சர்ட் எம். டேலி தளத்தை மூடிப் பூங்காவாக்க முற்பட்டார். மாநில அரசு எதிர்த்தது. இணக்கமொன்றின் பேரில் 1997 இல் தளம் மீண்டுந் திறக்கப்பட்டது. 2001 இல், ஓஹேர் விமான நிலையத்தை விரிவாக்கும் பேச்சுவார்த்தையின் ஓர் அங்கமாக, 2026 வரை மெய்க்ஸ் தளம் நீடிக்கும் என நகரபிதாவும் மாநில ஆளுநர் ஜோர்ஜ் றையனும் உடன்பட்டனர். அவ்வுடன்பாட்டை உறுதிசெய்யும் சட்டம் காங்கிரசில் நிறைவேறவில்லை. பொறியியலாளர் அங்கு இறங்கியது இவ்விழுபறியின் நடுவிலேயாகும்.

2003 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 30 ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவையண்டி, பொலிஸ் காவலுடன் புல்டோசர்கள் அத்தீபகற்பத்தினுள் நுழைந்தன. விடிந்தபோது ஓடுபாதையின் நடுவே பெருக்கற்குறி வடிவிலான பாரிய பள்ளங்கள் தோண்டப்பட்டிருந்தன. பதினாறு விமானங்கள் வெளியேற வழியின்றி நின்றன. பின்னர் அவை ஓடுபாதைக்குச் செல்லும் பக்கப்பாதையிலிருந்து எழுந்துசெல்ல அனுமதிக்கப்பட்டன. நகர சபையிடம் எவரும் கேட்கவில்லை. மாநிலத்துக்கு அறிவிக்கவில்லை. சமஷ்டி விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்குச் சட்டப்படி முப்பது நாட்களுக்கு முன்னர் கொடுக்கவேண்டிய அறிவித்தலும் கொடுக்கப்படவில்லை. மறுநாட் காலையில் பத்திரிகையாளரைச் சந்தித்த நகரபிதா, 2001 செப்ரெம்பர் தாக்குதல்களின் பின்னர் நகரின் உயர்ந்த கட்டடங்களுக்கு அருகே சிறு விமானங்கள் பறப்பது ஆபத்தானது என்றார். வேறு விதமாகச் செய்திருப்பின் வீண் பிணக்கே விளைந்திருக்கும் என்ற கருத்துப்படவும் பேசினார்.

செய்தியைத் தொலைக்காட்சியிற் கண்ட பொறியியலாளர் மகிழ்ந்தார். அம்மகிழ்ச்சி இளமைக்காலத்து மகிழ்ச்சி. செல்வரின் வேலி வீழ்ந்தது. தூண்டிலோடு நின்ற முதியவரும் சிறுவனும் இனி உள்ளே நடந்து செல்லலாம். வேறொரு நகரில் சட்டம் பயின்றுகொண்டிருந்த தம் மகளைத் தொலைபேசியில் அழைத்து அவர் இதனைக் கூறினார். மகள் உடனே மறுமொழி கூறவில்லை. பின்னர், “அப்பா, வேலி ஆருக்காகப் போட்டது எண்டு மட்டும் பாக்கிறியள். புல்டோசர் எந்த நேரத்தில வந்தது எண்டு பாக்கேல்லை” என்றாள்.

காரியம் நல்லதாயின் நேரம் என்ன செய்யும் என்று அவர் வாதிட்டார். நூறு ஆண்டுகளுக்கு முன்னர் வணிகர் ஒருவர் இதே ஏரிக்கரையை இருபது ஆண்டுகள் பகலில் நின்று வழக்காடி மீட்டார் அல்லவா எனத் தந்தையிடம் தான் கேட்டறிந்த வரலாற்றையே மகள் அவருக்குத் திருப்பிச் சொன்னாள். நகரபிதாவுக்குப் பிடித்தமான காரியம் இம்முறை அவளது தந்தைக்கும் பிடித்ததாயிற்று. அடுத்த முறையும் அப்படியே அமையும் என்பதற்கு உத்தரவாதம் யாது என்றும் வினவினாள்.

அவர் பேச்சை வேறு பக்கம் திருப்பினார். ஆயினும் அன்றிரவு உறங்கவில்லை. 1981 ஆம் ஆண்டு யூன் மாதத்து முதல் நாளின் காலையில், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து கிடந்ததைக் கண்டவர் அவர். ஏறத்தாழ 97,000 நூல்கள் இரவில் அழிந்திருந்தன. ஓர் ஓடுபாதை தோண்டப்பட்டதையும் ஒரு நூலகம் எரிக்கப்பட்டதையும் ஒரே தராசில் வைப்பது தகாது என்பதை அவர் நன்கறிவார். ஒன்று பூங்காவானது, மற்றையது சாம்பரானது. ஆயினும், விடிந்தபின் எவரிடம் முறையிடுவது என்று தெரியாது தெருவில் நின்ற அந்தக் காலையை அவர் மறந்தாரல்லர். கேட்கப்படாதவர்களின் விடியல் எவ்வாறிருக்கும் என்பதை அறிந்த தாமே, பிறரது அத்தகைய விடியலொன்றைக் கண்டு கைதட்டினோமே என்பது அவரை உறுத்திற்று.

இழந்தவர்கள் யாவர் என்று நோக்குமிடத்தும் கணக்கு அவர் எண்ணியவாறு எளிதாக இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் முதற் கறுப்பினப் போர்விமானிகளாகப் பணிபுரிந்தோர் டஸ்கீகி விமானிகள். அவர்களின் பெயரால் இயங்கிய சங்கத்தின் சிக்காகோக் கிளையினர், நகரத்துச் சிறுவர்களை மெய்க்ஸ் தளத்திலிருந்து கட்டணமின்றி விமானத்தில் ஏற்றிச்சென்று காட்டிவந்தனர். தளம் அழிந்ததும் அப்பணி அயல் மாநிலமான இந்தியானாவின் கேரி நகருக்குச் செல்லவேண்டியதாயிற்று. வேலிக்கு வெளியே நின்ற சிறுவனுக்கு அத்தளம் முற்றிலும் பூட்டிய கதவாக இருந்ததென்று அவர் கருதியதும், ஆகவே, பாதியுண்மையே. அதேவேளை, நால்வரின் அலுவலுக்காக ஒரு விமானமும் இரு விமானிகளும் நாள் முழுவதும் காத்திருந்ததும், அச்சொகுசுக்காக நகரின் மிக அழகிய நிலம் அரைநூற்றாண்டுக்கு மேலாகப் பூட்டப்பட்டிருந்ததும் பொய்யல்ல. நோக்கம் நேரியது, வழி கோணியது. இவ்விரண்டையும் ஒருசேர மனத்தில் வைத்திருத்தல் கட்சி அரசியலுக்கு மட்டுமன்று, தனிமனித நெஞ்சுக்கும் அரிதாகவே உள்ளது.

வழக்குகள் தொடரப்பட்டன, ஓடுபாதை மீளவில்லை. சமஷ்டி நிர்வாகம் விதித்த தண்டம் 33,000 டொலர். அக்காலச் சட்டம் அனுமதித்த உச்சத் தொகை அதுவே: நாளொன்றுக்கு 1,100 டொலர் வீதம் முப்பது நாட்களுக்கு. 2006 இல் நகரம் அதனைச் செலுத்த உடன்பட்டதோடு, விமானநிலைய மேம்பாட்டுக்கென வழங்கப்பட்டிருந்த நிதியில் பத்து இலட்சம் டொலரைத் திருப்பிக் கொடுக்கவும் இணங்கியது. இனிமேல் எந்நகரும் இவ்வாறு செய்யத் துணியாதிருக்கும் பொருட்டு, 2003 ஆம் ஆண்டின் முடிவில் நிறைவேறிய சட்டம் அத்தண்டத்தை நாளொன்றுக்குப் பத்தாயிரம் டொலர்வரை உயர்த்தியது. நகரபிதாவோ அதன் பின்னரும் தேர்தலில் வென்று 2011 வரை பதவியில் இருந்தார். இரவில் நடந்ததை மக்கள் மன்னித்தனரா, மறந்தனரா, அல்லது பூங்கா கிடைத்ததே போதுமென எண்ணினரா என்பதைத் தேர்தல் முடிவுகள் கூறுவதில்லை.

2016 இல் பொறியியலாளர் மீண்டும் சிக்காகோவுக்கு வந்தார். தொழிற்சாலை அப்போது முதியவரின் மகனது கையில் இருந்தது; இம்முறையும் வாடகை விமானமே. ஆனால் அது இறங்கியது நகரின் தென்மேற்கே, பதின்மூன்று கிலோமீற்றர் அளவு தொலைவிலுள்ள மிட்வே விமான நிலையத்தில். தனி விமானத்தில் வருவோருக்கெனத் தனிக் கட்டடம், மெத்தை நாற்காலிகள், கோப்பி எல்லாம் அங்கும் இருந்தன. வேறுபாடு, நகரை அடைய வாகன நெரிசலில் முக்கால் மணித்தியாலம் அமர்ந்திருக்க வேண்டியதாயிற்று என்பதே. ஓடுபாதை போனமையால் செல்வர் பறப்பதை நிறுத்திவிடவில்லை. சற்றே தாமதித்து வந்தனர், அவ்வளவுதான். ஏனையோரைப் போன்று தாமும் நெரிசலில் அகப்பட்டதில் அவருக்கு வருத்தமேதும் இருக்கவில்லை.

மகள் இப்போது சிக்காகோவிலேயே, வசதியற்றோருக்காக வாதாடும் சட்டத்தரணி. அலுவல் முடிந்தபின் அவள் தன் ஐந்து வயது மகனையும் அழைத்துக்கொண்டு வந்து, தந்தையை நோதேர்லித் தீவுக்குக் கூட்டிச் சென்றாள். விமானத்தளத்தின் பழைய பயணிகள் கட்டடம் பூங்காவின் அலுவலகமாகி நின்றது. வடபாதியில், கட்டணம் செலுத்துவோருக்கான இசையரங்கு. தென்பாதியில், ஏறத்தாழ நாற்பது ஏக்கரில், 2015 இல் திறக்கப்பட்ட இயற்கை வெளி: செயற்கைக் குன்றுகள், சிறு நீர்நிலை, நடுமேற்குச் சமவெளிக்குரிய உயர்ந்த புற்கள். இடப்பெயர்ச்சிக் காலப் பறவைகள் ஏரியைக் கடக்குமுன் அங்கு தங்கிச் செல்கின்றன. தங்கள் விமானத்தின் சில்லுகள் நிலத்தைத் தொட்ட இடம் எது என்று பொறியியலாளர் தேடினார். புல்லின் நடுவே அதற்கு எவ்வடையாளமும் இருக்கவில்லை. ஆனால் திரும்பி நோக்கியபோது, வானத்திலிருந்து ஒருநாள் கண்ட அதே காட்சி கண்முன்னே நின்றது: பசும்புற்றரை, மாளிகை வரிசை, அதற்குப் பின்னே கறுத்துயர்ந்த கோபுரம். அன்று அதனைக் காண விமானம் வேண்டியிருந்தது. இன்று மிதிவண்டியில் வந்த பையன்களும், கைகோத்து நடந்த முதியோரும், கரையோரக் கற்களில் அமர்ந்து தூண்டிலிட்டோரும் அதனைக் கண்டுகொண்டிருந்தனர்.

“நீ சொன்னதுதான் சரி எண்டு நான் பிறகு நினைச்சனான்” என்றார் அவர், மகளிடம், பதின்மூன்று ஆண்டுகளின் பின்.

“இதைப் பாத்தால் நீங்கள் சொன்னதும் சரிபோலத்தான் கிடக்கு அப்பா” என்றாள் அவள்.

பேரன் பழைய கட்டுப்பாட்டுக் கோபுரத்தைச் சுட்டி அது யாதென வினவினான். இங்கே முன்பு விமானங்கள் இறங்கின என்று கூறப்பட்டதும் அவனுக்குப் பெருவியப்பு. “பிறகேன் இப்ப வாறேல்லை?” என்று கேட்டான்.

“எல்லாரும் வந்து நடக்கவேணும் எண்டு எடுத்துப்போட்டினம்” என்றார் பாட்டனார்.

“ஆனால் ஒருத்தரையும் கேக்காமல் எடுத்தவை” என்றாள் தாய்.

சிறுவன் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். “கேட்டிருந்தால் ஓம் எண்டு சொல்லியிருப்பினமோ?” என்றான்.

அதற்கு அவ்விருவரிடமும் மறுமொழி இருக்கவில்லை. அவ்வேளையில் நகருக்கு மேலாக, மிட்வேயை நோக்கிச் சிறு விமானமொன்று தாழ்ந்து சென்றது. பேரன் கையசைத்தான். பொறியியலாளர் தாமும் கையை உயர்த்தி, விமானம் கட்டடங்களுக்குப் பின்னால் மறையும்வரை அசைத்தவாறு நின்றார்.